பூட்டிக் கிடந்த பண்ணை வீட்டில் கல்யாணம் வைக்கலாமா?

கேள்வி: கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஒரு கிராமத்தில் எங்கள் தாத்தா காலத்துப் பண்ணை வீடு இருக்கிறது. இரண்டு கட்டு, நடுவில் முற்றம், பின்னால் கொல்லை, அதை ஒட்டிக் களம். ஏழெட்டு வருடமாகப் பூட்டித்தான் கிடக்கிறது. மகள், கல்யாணம் அங்கேதான் என்று ஒரே பிடிவாதம். தையில் வைக்கலாமா, வைகாசியிலா என்று யோசிக்கிறோம். 500 பேர் வருவார்கள். வீடு தாங்குமா?
- வாசகி, சென்னை

பதில்: முகூர்த்தத்தைத் தாங்கும். 500 பேரைத் தாங்காது. தாலி கட்டுவது வீட்டுக்குள், பந்தி, சமையல், வரவேற்பு, கழிப்பறை எல்லாம் வெளியே களத்தில் என்று முதலிலேயே பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கூடத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். 20-க்கு 30 அடி என்றால் 600 சதுர அடி. மணவறைக்கும், புரோகிதரும் போட்டோக்காரரும் நடமாடவும் 120 போய்விடும். மிச்சத்தில் ஆளுக்கு 7 சதுர அடி வைத்தால் 70 பேர்கூட உட்கார முடியாது. தாழ்வாரம் நாலு பக்கத்தையும் சேர்த்தால் நூறைத் தாண்டலாம். மற்றவர்கள் பந்தலில் திரை வைத்துப் பார்க்கட்டும். மாடிக்கு யாரையும் ஏற்றாதீர்கள். கச்சேரி, டான்ஸ் என்று இளசுகள் கிளம்பினால் மாடிப்படிக் கதவைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தையா வைகாசியா என்றால், வைகாசி. தையில் சம்பா அறுவடை. பாதித் தார்ச்சாலையில் நெல் காயும், கொள்முதல் நிலையத்து வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். மழையையும் நம்ப முடியாது. 2021 ஜனவரியில் அறுப்புக்கு நின்ற கதிரையே மழை சாய்த்துவிட்டது. அறுத்த வயல் காலியாகத்தானே கிடக்கும், கார்களை அங்கே விடலாம் என்று நினைத்தால், அதில் உளுந்தும் பயறும் முளைத்திருக்கும். அறுப்புக்கு முன்பே ஈரத்தில் தெளித்துவிடுவார்கள். வைகாசியில் உளுந்தும் எடுத்தாகிவிடும், மேட்டூர் அணை திறக்க வழக்கமாக ஜூன் 12 ஆகும், வயல் காய்ந்து இறுகிக் கிடக்கும். ஆனால் பம்புசெட்டில் முன்கூட்டியே குறுவை போடுகிற ஊராக இருந்தால் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிவிடுவார்கள். பயிர் வைக்கிறவரிடம் இப்போதே பேசி வையுங்கள். களிமண் தரை ஒரு மழைக்கே சக்கரத்தை விழுங்கும். வெயிலுக்கு ஒரே வழி, காலை ஏழரைக்குள் முடிகிற முகூர்த்தம்.

இனி வீடு. முதலில் பார்க்கவேண்டியது உத்திரம். நடுவில் தட்டினால் தேக்கு கிண்ணென்றுதான் இருக்கும், அதை நம்பி ஏமாறக்கூடாது. கட்டை சுவருக்குள் நுழைகிற முனையில்தான் வியாதி. ஓட்டில் ஒழுகிய தண்ணீர் சுவர் வழியே இறங்கி, காற்றுப் படாத அந்த முனையில் தங்கி, மரத்தை உளுக்க வைக்கும். கரையானும் அங்கேதான் ஏறும். ஏணி போட்டு ஒவ்வொரு முனையிலும் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் லொடுக்கென்று இறங்கினால் அந்த அறைக்குள் கூட்டம் வேண்டாம்; பழைய வீடு தெரிந்த தச்சரும் கட்டடப் பொறியாளரும் பார்த்து, முட்டுக் கொடுத்தபிறகுதான் மற்றது. கொக்கி பார்க்க உறுதியாக இருக்கிறதே என்று ஊஞ்சல் சடங்கை அதில் வைத்துவிடாதீர்கள். உத்திர முனை நன்றாக இருக்கிறது என்று தெரிந்தபின், 50 கிலோ அரிசி மூட்டை ஐந்தை ஊஞ்சலில் ஏற்றி, கீழே யாரும் இல்லாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். மரம் முனகினாலும் கொக்கி ஒரு நூல் இறங்கினாலும், வாடகைக்கு இரும்பு ஊஞ்சல் சட்டம் கிடைக்கிறது.

முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தாரையில் பத்துக் குடம் ஊற்றிப் பாருங்கள். பல வருட இலையும் மண்ணும் அடைத்திருக்கும். கோடை மழை அரை மணி அடித்தால் மணவறை மிதக்கும். முற்றத்தின் மேல் தார்ப்பாய் கட்டவே கூடாது. ஹோமப் புகையும் சூடும் வெளியேற அந்தத் திறப்பு ஒன்றுதான் வழி. முற்றத்திலேயே கம்பு நட்டு, ஓட்டு விளிம்புக்கு இரண்டு அடி மேலே நிழல்வலை கட்டினால் போதும். ஹோம குண்டத்துக்கு அடியில் இரண்டு வரிசைச் செங்கல், அதன்மேல் மணல். காவித் தரையில் நேராக வைத்தால் சூட்டில் வெடிப்பு விழும், பிறகு அந்த நிறத்தில் பூசித்தர ஆள் தேடவேண்டும்.

கூரை இறவாணத்திலும் பக்கத்து மரங்களிலும் தேன்கூடு இருக்கிறதா என்று ஒரு மாதம் முன்பும், முதல் நாள் காலையும் பாருங்கள். புகையும் அதிர்வேட்டும் சேர்ந்தால் மலைத்தேனீ கூட்டத்தையே விரட்டிவிடும். இருந்தால் தீயணைப்பு நிலையத்தில் சொல்லி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்; தீப்பந்தம் காட்டுகிற வேலை மர வீட்டில் வேண்டாம். புடைத்த சுவருக்குச் சுண்ணாம்பே அடியுங்கள். பளபளப்பாக எமல்ஷன் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல், கல்யாணத்துக்கு முன்பே கொப்பளித்து உரியும். தூணில் ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுவதே அலங்காரக்காரரிடம் போடவேண்டிய முதல் நிபந்தனை.

மின்சாரத்தில் ஒரே விதி: கல்யாண லோடு எதையும் வீட்டு வயரிங்கில் தொடுக்கக்கூடாது. பந்தலுக்குத் தனி லைன், எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குத் துண்டிக்கும் பிரேக்கர். பம்புசெட்டின் இலவச விவசாய இணைப்பில் கொக்கி போடுவது குற்றம். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேளுங்கள், கூடவே ஜெனரேட்டரும் இருக்கட்டும். சீரியல் செட்டை ஓட்டுக் கூரை மரத்தில் சுற்றவேண்டாம்.

தண்ணீர்க் கணக்கில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தங்குகிற 60 பேருக்கு ஆளுக்கு 135 லிட்டர், சுமார் 8,000. வந்துபோகிற 500 பேருக்கு ஆளுக்கு 15 வைத்தால் 7,500. சமையலும் பாத்திரமும் இன்னும் 4,000. ஆக 20,000 லிட்டருக்குத் தயாராகுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பருப்பு வேகாது. முதல் வாரமே ஒரு படி துவரம்பருப்பை அதில் வேகவைத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் சமையலுக்குத் தண்ணீரை வெளியிலிருந்து எடுங்கள். வீட்டுச் செப்டிக் டாங்க் ஒரு குடும்பத்துக்குக் கட்டியது, பந்தி முடிவதற்குள் பொங்கிவிடும். நடமாடும் கழிப்பறை பத்து, பெண்களுக்கு ஆறு ஆண்களுக்கு நாலு, தண்ணீர் பிடித்துப்போட ஒரு ஆள்.

சமையல் கொட்டகை வீட்டிலிருந்து முப்பது அடிக்குக் குறையாமல், காற்று வீட்டிலிருந்து கொட்டகைப் பக்கம் அடிக்கிற திசையில். கூரை தகரம், கீற்று அல்ல. மதியச் சாப்பாட்டுக்கு அரிசி 55 கிலோ சரியாக இருக்கும்; சிலிண்டர் 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான், வீட்டுச் சிலிண்டர் சட்டப்படி கூடாது. எச்சில் இலைக்குக் கொல்லைக் கோடியில் குழி வெட்டுங்கள். வாய்க்காலில் கொட்டினால் மதகு அடைத்து ஊரோடு சண்டை.

வீடு கூட்டுப்பட்டாவில் இருந்தால் எல்லாப் பங்காளிகளிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பத்திரிகை அடித்தபிறகு கேட்டால் பழைய கணக்கெல்லாம் எழும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை அதை வைக்கக் கூடாது. விடியற்கால முகூர்த்தம் என்றால் நாதஸ்வரம் மைக் இல்லாமலே கேட்கும். 2009-ம் வருடச் சட்டப்படி திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

பத்திரிகையில் வீட்டு வாசலின் இருப்பிடக் குறியை நேரில் நின்று எடுத்துப் போடுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் தேடினால் போன் பலரை வாய்க்காலின் எதிர்க்கரையில் கொண்டுபோய் விடும். பெரிய பேருந்து அங்கே திரும்பவும் முடியாது. கும்பகோணத்திலிருந்து வேன்தான் வையுங்கள்.