குசினியைப் பெருப்பிக்கப் போகும் தம்பிக்கு

லண்டன் ஹரோவில் பழைய செமி வீடு, அதாவது ஒரு பக்கச் சுவர் அயல்வீட்டோடு ஒட்டிய வீடு, வாங்கி ஆறு மாதம் ஆகிறது, பின்பக்கம் குசினியைப் பெருப்பிக்க வேண்டும், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்குத் தோட்டத்தில் ஓர் அறை கட்ட வேண்டும், கவுன்சில் அனுமதி தேவையா, ஆர்க்கிடெக்ட் வேண்டுமா, எவ்வளவு முடியும், என்ன மாபிள் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. "மூன்று மீட்டருக்குள் என்றால் ஒன்றும் தேவையில்லை, நான் முடித்துத் தாறன்" என்று நம்மவர் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்ததும் எனக்கு 2004ஆம் ஆண்டு ஞாபகம் வந்துவிட்டது. எங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள்.

மாபிளையும் செலவையும் விடுங்கள், அது வீட்டுக்கு வீடு வேறு. அந்த "ஒன்றும் தேவையில்லை" பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

அவர் சொன்னது பாதி உண்மை. இங்கிலாந்தில் சில வேலைகளை கவுன்சிலிடம் பிளானிங் அனுமதி கேட்காமலே செய்யலாம். வீட்டோடு சேர்த்துக் கட்டும் ஒருதட்டு எக்ஸ்டென்ஷன் என்றால் செமிக்கும், வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸுக்கும் பின்பக்கம் 3 மீட்டர், தனி வீட்டுக்கு 4 மீட்டர். பிளாட்டுக்கு இந்த உரிமை இல்லை. சில தெருக்களில் கவுன்சிலே இதை எடுத்துவிட்டிருக்கும். உங்கள் வீட்டுக்கு உரிமை இருந்தாலும், கட்டப்போவது சட்டப்படி சரி என்று கவுன்சிலிடம் சான்றிதழ் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். முழு அனுமதிக்கான கட்டணத்தை 2025 ஏப்ரலில் 258 பவுணிலிருந்து 528 ஆக்கினார்கள். சான்றிதழுக்கு அதில் பாதிதான். நாளைக்கு வீட்டை விற்கும்போது, வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது இந்தக் கடதாசியைத்தான்.

மற்றப் பாதிதான் எங்களை விழுத்தியது. பிளானிங் வேறு, பில்டிங் கண்ட்ரோல் வேறு. பிளானிங் அனுமதி தேவைப்படாத எக்ஸ்டென்ஷனுக்கும் பில்டிங் கண்ட்ரோல் வேண்டும். அத்திவாரம் எவ்வளவு ஆழம், இரும்பு பீம் எவ்வளவு பாரம் தாங்கும், தீப்பிடித்தால் எப்படி வெளியே ஓடுவது என்பதையெல்லாம் அவர்கள்தான் வேலை நடக்க நடக்க வந்து பார்ப்பார்கள். அத்திவாரக் கிடங்கு திறந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். கொங்கிறீட் போட்ட பிறகு எதைப் பார்ப்பது?

எங்கள் கொந்தராத்துக்காரர் அவர்களைக் கூப்பிடவேயில்லை. ஊரில் என் கணவரின் பக்கத்துத் தெரு. வாட் வரி இல்லாமல் கையில் காசாகத் தந்தால் அப்போதைய 17.5 வீதம் மிஞ்சும் என்றார். நாங்கள் சீட்டு எடுத்த காசை எண்ணிக் கொடுத்தோம். ரசீதும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஒன்பது வருடம் கழித்து வீட்டை விற்க வெளிக்கிட்டபோது, பில்டிங் கண்ட்ரோல் தரும் வேலை முடிந்த சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். வாங்க வந்தவர் போய்விட்டார். பிறகு கவுன்சிலுக்கே விண்ணப்பித்து, கட்டி முடித்ததைச் சரிப்படுத்தும் சான்றிதழ் எடுக்க வேண்டியதாயிற்று. பூச்சை உடைத்து பீமைக் காட்டினோம். சுவருக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டி அத்திவாரத்தைக் காட்டினோம். இரண்டடிதான் இருந்தது. லண்டன் களிமண் வெயிலுக்குச் சுருங்கி மழைக்கு ஊதும், ஒரு மீட்டராவது போக வேண்டும். அடியில் தோண்டித் தோண்டிப் புதுக் கொங்கிறீட் போட 14,000 பவுண் போனது. அந்த மனிதர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. நம்மவர்களுக்குள் நம்பிக்கை வேண்டும் என்று நானும் நினைப்பவள்தான். ஆனால் எழுத்தில் தர மறுப்பவர் உங்கள் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் வேலையைக் கொடுக்காதீர்கள்.

காசு போனதைவிட எனக்கு மனம் நொந்தது பக்கத்து வீட்டு அம்மாவை நினைத்துத்தான். பொதுச் சுவரைத் தொடுவதென்றால் இரண்டு மாதத்துக்கு முன்பும், அவர்கள் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அவர்களின் அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதென்றால் ஒரு மாதத்துக்கு முன்பும் அயலவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது. பொதுச் சுவரில் பீமுக்குத் துளை போட்டபோது அவருடைய சாப்பாட்டறைச் சுவர் கூரை வரைக்கும் வெடித்தது. நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்த முதல் குளிரில் ஹீட்டர் பழுதாகி, பிள்ளை இருமியபோது, இரண்டு சுடுதண்ணீர்ப் பைகளோடு கதவைத் தட்டியவர் அவர். வெடிப்பைக் காட்டியபோது ஏசவில்லை. "முதலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். பிறகு வேலி ஓரம் நின்று கதைப்பதை நிறுத்திவிட்டார். எதிர்வீட்டுக் குஜராத்திக் குடும்பம் வேலை தொடங்குமுன் வரைபடத்தையும் ஒரு பெட்டி இனிப்பையும் கொண்டு வீடு வீடாகப் போனதைப் பார்த்தபோதுதான் எங்கள் பிழை எனக்கு முழுதாக விளங்கியது.

ஆர்க்கிடெக்ட் என்ற பெயரை இங்கே பதிவு செய்தவர்தான் போடலாம். அந்தப் பதிவேட்டில் யாரும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஒரு குசினிக்கு நல்ல பிளான் கீறுபவர் போதும். ஆனால் பீமுக்குக் கணக்குப் போடும் ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரை விடாதீர்கள். இரண்டாவது முறை மேல்மாடத்தில் அறை போட்டபோது எல்லாக் கடதாசியையும் நானே வாசித்து நானே விண்ணப்பித்தேன். பிழை இல்லாமல் முடிந்தது. இப்போது எங்கள் தெருவில் வரைபடம் வந்தால் என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள்.

தோட்டத்து அறை பற்றி அவசரப்படாதீர்கள். எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் என்றால் 2.5 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. சாமான் வைக்கலாம், பிள்ளைகள் படிக்கலாம். ஆள் குடியிருக்க, அதிலே சமைத்துப் படுக்க என்றால் அனுமதி வேண்டும். நம்மவர்களில் சிலர் இப்படிக் கொட்டில் போட்டு வாடகைக்கு விட்டு எல்லோருக்கும் கெட்ட பெயர் எடுத்துத் தந்தார்கள். அப்படி ஆள் இருக்கும் கொட்டில்களைக் கண்டுபிடிக்க, 2013இல் லண்டனுக்குப் பக்கத்து ஸ்லௌ கவுன்சில் வெப்பத்தைப் படம் பிடிக்கும் கருவியோடு விமானமே பறக்கவிட்டது. நான்கு வருடம் பேசாமல் இருந்தால் தப்பலாம் என்பது பழைய கதை. 2024 ஏப்ரல் 25இலிருந்து கட்டி முடித்தவற்றின் மேல் 10 வருடம் வரை நடவடிக்கை எடுக்கலாம். அப்பா அம்மாவை வீட்டுக்குள்ளேயே கீழ் அறையில் வைத்திருங்கள், தம்பி. குளிர்காலத்தில் இரவு எழும்பித் தோட்டத்தைக் கடந்து வருவது அவர்களுக்கு முடியாது.

பெரிய குசினி வேண்டும் என்ற ஆசை எனக்கு விளங்குகிறது. 1996 மார்கழியில் வந்து இறங்கியபோது ஈஸ்ட்ஹாமில் ஒரே வீட்டில் நான்கு குடும்பம். அடுப்புக்கு முறை போட்டிருந்தோம், என் முறை இரவு ஒன்பதரை. பிள்ளை நித்திரையான பிறகுதான் சோறு வேகும். அதனால்தான் அந்த மனிதர் சொன்னதையெல்லாம் அவ்வளவு வேகமாக நம்பினோம்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். வீடு வாங்கியபோது வழக்கறிஞர் தந்த கோப்பை எடுத்து, முன்பிருந்தவர் பின்னால் ஏதாவது கட்டினாரா என்று பாருங்கள். அந்த 3 மீட்டரை அளப்பது முதன்முதலில் கட்டிய வீட்டின் சுவரிலிருந்து. 1948 ஜூலை 1க்கு முந்திய வீடென்றால், அன்றைக்கு இருந்த சுவரிலிருந்து. முன்னையவர் கட்டியிருந்தால் உங்கள் 3 மீட்டர் ஏற்கெனவே முடிந்திருக்கும்.