கட்சிக்கு நன்கொடை, எம்.எல்.ஏ மச்சினன், பி.டபிள்யூ.டி கான்ட்ராக்ட்: எங்கே சிக்கல்?

கேள்வி: ஈரோட்டில் சின்னதாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறேன், தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. கட்சிக்காரர்கள் 2 லட்சம் நன்கொடை கேட்கிறார்கள். கம்பெனிக் கணக்கிலிருந்து கொடுக்கலாமா? மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. என் மச்சினன் வக்கீல், இப்போது எம்.எல்.ஏ ஆகிவிட்டார். அவரும் நானும் பார்ட்னராக உள்ள இன்னொரு ஃபர்ம் பொதுப்பணித் துறையில் கட்டட வேலை எடுத்திருக்கிறது. பிரச்சினை வருமா?

பதில்: நன்கொடையை நினைத்துத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள், எனக்கு பயம் அந்தக் கடைசி வரியைப் படித்தபோதுதான் வந்தது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் நன்கொடை. கம்பெனியிலிருந்து கொடுக்காதீர்கள். மூன்று நிதியாண்டு முடியாத கம்பெனி எந்தக் கட்சிக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது, 2013 கம்பெனிகள் சட்டம் பிரிவு 182 அப்படித்தான் சொல்கிறது. மீறினால் கொடுத்த தொகையைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம், பொறுப்பில் இருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை. மூன்று வருடம் ஆன பிறகும் போர்டு தீர்மானம் வேண்டும், முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த உச்சவரம்பை 2017-ல் எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரி 15-ல் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையும் சேர்த்தே அடித்துவிட்டது, அதனால் உச்சவரம்பும், எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கில் காட்டும் கடமையும் திரும்பி வந்துவிட்டன.

உங்கள் சொந்தப் பணத்தில் கொடுக்கலாம். செக்கோ ஆன்லைனோதான், 2,000 ரூபாய்க்கு மேல் கட்சி ரொக்கமாக வாங்கக் கூடாது. 20,000-ஐத் தாண்டினால் உங்கள் பெயர் தேர்தல் ஆணையத்துக்குப் போகும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. வரிக்கழிவு பழைய வரி முறையில் இருந்தால் மட்டும் கிடைக்கும். கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் திருப்பித் தருகிறோம் என்று வரும் லெட்டர்பேட் கட்சிகள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள், வருமான வரித் துறை அவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, மனைவியோடு உள்ள ஜாயின்ட் அக்கவுன்டிலிருந்து வேண்டவே வேண்டாம். அரசு ஊழியர் கட்சிக்கு நிதி கொடுப்பது நடத்தை விதிகளுக்கு விரோதம், செக்கில் அவர் பெயரும் இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

இப்போது மைத்துனர். எம்.எல்.ஏ ஆனபின் வக்கீலாகக் கோர்ட்டுக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம், சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியர்தான் வக்கீல் தொழில் செய்யக் கூடாது, மக்கள் பிரதிநிதி அப்படிப்பட்ட ஊழியர் ஆகமாட்டார் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (சரியா என்று கேட்டால், எனக்கு முழுச் சம்மதமில்லை. ஆனால் சட்டம் அதுதான்.)

கான்ட்ராக்ட் அப்படியல்ல. மாநில அரசுக்குப் பொருள் சப்ளை செய்யவோ, அரசு வேலையைச் செய்யவோ தன் தொழிலில் போட்ட ஒப்பந்தம் நடப்பில் இருந்தால், அது இருக்கும் வரை எம்.எல்.ஏ தகுதியிழப்புக்கு ஆளாவார், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 9ஏ. கம்பெனி என்றால் சட்டத்தின் கண்ணில் அது வேறு ஆள், அதில் பங்கு (ஷேர்) வைத்திருப்பவர் வேறு ஆள் என்று வாதாட இடமுண்டு. பார்ட்னர்ஷிப் ஃபர்ம் பார்ட்னர்களிலிருந்து வேறான ஆளே கிடையாது, ஆகவே ஃபர்ம் போட்ட கையெழுத்து அவர் போட்ட கையெழுத்துதான். யாராவது புகார் கொடுத்தால் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு ஆளுநர் முடிவெடுப்பார்.

ஒரு ஆறுதல் உண்டு. வேலையை முழுசாக முடித்துக் கொடுத்துவிட்டு, பில் பணம் மட்டும் பாக்கி என்றால் ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கொள்ள மாட்டார்கள். கட்டடம் எந்த நிலையில் நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, எல்லாமே அதில்தான் தொங்குகிறது. முன்தேதி போட்டு விலகல் பத்திரம் எழுதலாம் என்று எவராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒப்பந்தம், பார்ட்னர்ஷிப் பத்திரம், வேலை முடிப்புச் சான்றிதழ் இருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தேர்தல் வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். மைத்துனரே வக்கீல்தான், இருந்தாலும் இதற்கு வேறு ஆள்.