கல்ச்சரில் கிருமி இல்லை, வலி மட்டும் போகவில்லை

தக்கலை அக்காவுக்கு,

எட்டு மாதமாக அடிவயிற்றில் வலி, மூன்று முறை சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) கொடுத்தும் கிருமி இல்லை, ஆனாலும் ஆன்டிபயாட்டிக் தருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் இதே கதைதான். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போவதற்குள் பஸ்ஸை விட்டு இறங்கிய நாட்கள் உண்டு.

சிறுநீர்ப்பை நிறையும்போது வலி ஏறி, சிறுநீர் போனதும் தணிகிறதா? அப்படியானால் சிறுநீர்ப்பை வலி நோயாக இருக்கலாம். 6 வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் அகப்படாவிட்டால்தான் இந்தப் பெயரைச் சொல்வார்கள்.

ஒரே காரணம் என்று எதுவும் உறுதியாகவில்லை. பையின் உட்சுவரில் வழுவழுப்பான பூச்சு ஒன்று உண்டு. அது பழுதானால் சிறுநீரிலுள்ள பொட்டாசியம் உள்ளே கசிந்து நரம்பைச் சீண்டும் என்பது ஒரு விளக்கம். மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் ஹிஸ்டமின் என்ற அழற்சிப் பொருளைக் கொட்டி எரிச்சலைக் கூட்டலாம். நாளாக ஆக நரம்பும் மூளையும் வலியை உணர்வதில் கூர்மையாகிவிடலாம். கொஞ்சம் நிறைந்தாலே, இலை அசைந்தாலும் குரைக்கிற நாய் மாதிரி, வலி கிளம்பும். பயத்தில் இடுப்புத்தளத் தசையை வேறு இறுக்கிக்கொள்வோம், அதுவும் வலிக்கும். சிலருக்கு மட்டும் பையின் உட்சுவரில் ஹன்னர் புண் என்ற ஒருவகைப் புண் இருக்கும். சிஸ்டோஸ்கோப்பியில் (கேமரா குழாயை விட்டுப் பையின் உள்ளே பார்ப்பது) தெரியும், அதற்குச் சிகிச்சையே வேறு.

ஆகவே யூராலஜிஸ்டை (சிறுநீர்ப்பாதை மருத்துவர்) பாருங்கள், கிருமி இல்லாமல் ஆன்டிபயாட்டிக் எதற்கு என்றும் கேளுங்கள். கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்), புளிமுளம் (நம்ம ஊர்ப் புளி மீன்கறி) இரண்டையும் கொஞ்ச நாள் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எனக்குச் சாயாதான் வில்லன். மீன்கறி தப்பியது, நல்ல காலம்!

சிறுநீரில் ரத்தம் கண்டால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள்.