ரொட்டி, சோறு, கிழங்கு: ஒரே நாளில் மூன்றும் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 41. சீலியாக் நோய் (கோதுமை குடலுக்கு ஒவ்வாத நோய்) என்று கண்டறிந்த பிறகு கோதுமையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வயிற்றுத் தொல்லை தீர்ந்தது. ஆனால் 52 கிலோவாக இருந்த நான் இப்போது 67 கிலோ. மகன் ஆன்லைனில் குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லாத ரொட்டி வரவழைத்துத் தருகிறான். காலையில் நான்கு துண்டு, இரவில் நான்கு துண்டு, வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறேன். மதியம் சோறு, சில நாள் கிழங்கும் மீனும். எடை குறைய இந்த ரொட்டியை எப்படிச் சாப்பிட வேண்டும்? என்னைப் பார்த்து என் நாத்தனாரும் எடை குறைக்கக் கோதுமையை நிறுத்தப் போகிறார். அது சரிதானா?
(பெயர் வேண்டாம், கருங்கல்)

பதில்: சகோதரி, எடை கூடியதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன், சத்தை உள்வாங்கும் உங்கள் சிறுகுடலின் உறிஞ்சிகளைச் சிதைத்துவந்தது. இப்போது அவை தேறிவிட்டதால், முன்பு வீணாகப் போன சத்து உடம்பில் ஒட்டுகிறது. இந்த நோய் உள்ள பலருக்கும் இப்படி எடை ஏறுவதுண்டு.

இனி ரொட்டிக்கு வருவோம். உறையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், உருளைக்கிழங்கு ஸ்டார்ச், பிடிப்புக்குச் சாந்தன் கோந்து அல்லது இசப்கோல், மென்மைக்கு எண்ணெய் என்றிருக்கும். உங்கள் விளையில் நிற்கும் மரச்சீனியின், அதாவது மரவள்ளியின் மாவுதான் உறைக்குள் ரொட்டியாக வருகிறது! குளூட்டன் இல்லை என்பதால் கலோரி குறைந்துவிடாது. புரதமோ சாதாரண ரொட்டியைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் சீக்கிரம் பசிக்கும். 30 கிராம் துண்டு ஒன்றில் சுமார் 75 கலோரி என்று வைத்தால், எட்டுத் துண்டில் 600. துண்டுக்கு ஒரு தேக்கரண்டி வெண்ணெய் என்றால் மேலும் ஏறக்குறைய 280.

ஆகவே ரொட்டியைச் சோற்றின் கணக்கில் எழுதுங்கள். காலையில் இரண்டு துண்டு போதும். வெண்ணெய்க்குப் பதில் அவித்த முட்டை இரண்டு, அல்லது ஒரு கிண்ணம் சிறுபயறு. இரவில் ரொட்டி வேண்டாம். நெத்திலி அவியலோ சாளைக் குழம்போ எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு தட்டு நிறையப் பயறங்காய்த் தோரனோ கீரையோ சாப்பிடுங்கள். கிழங்கு அவிக்கும் நாளில் சோறும் ரொட்டியும் அடுக்களையிலேயே இருக்கட்டும். தேங்காய் இல்லாமல் நம் ஊர்க் குழம்பு இல்லை, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 100 கிராம் தேங்காயில் 350 கலோரிக்கு மேல் இருப்பதால் அரைப்பைப் பாதியாக்குங்கள். மாதம் இரண்டு கிலோ குறைந்தாலே நல்ல வேகம்.

வாங்கும்போது 100 கிராமுக்கு 6 கிராமாவது நார்ச்சத்து உள்ள ரொட்டியாகப் பாருங்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட உணவில், நம் நாட்டு விதிப்படி, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. பேக்கரியில் அரிசி மாவு ரொட்டி என்று விற்பதை நம்பி வாங்காதீர்கள்; மைதா பறக்கும் அதே மேசையில்தான் அதுவும் பிசையப்படும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன்: ரசத்தில் என்ன காயம் போடுகிறீர்கள்? கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அரிசி மாவு சேர்த்ததைத் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பூண்டும் சீரகமும் போதும். வீட்டில் மற்றவர்களுக்குக் கோதுமைப் புட்டு அவிக்கும் குழலில் உங்கள் அரிசிப் புட்டை அவிக்கக் கூடாது. சப்பாத்திக் கல்லும் ரொட்டி சுடும் டோஸ்டரும் அப்படியே. உங்களுக்கென்று தனியாக ஒன்று வேண்டும்.

நாத்தனாருக்கு நோய் இல்லையென்றால், கோதுமையை விடுவதால் மட்டும் எடை குறையாது. பரோட்டாவும் பிஸ்கட்டும் நின்றதால் குறைந்தால் உண்டு; அதற்கு இந்த விலை உயர்ந்த ரொட்டி தேவையே இல்லை. ஆனால் அவருக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, உப்புசம், ரத்தசோகை ஏதேனும் இருந்தால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். நிறுத்தியபின் சோதித்தால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.