வாசகர் கேள்வி: மாஸ்க்கில் ஓட்டை எங்கே?

கேள்வி: "மாஸ்க் ஓட்டையை விட வைரஸ் பொடிசு, கொசுவலையில மணலை நிறுத்தற கதைதான்"னு எங்க தறிக் குடோன்ல ஒருத்தர் அடிச்சுப் பேசறாருங்க. ஆராய்ச்சியிலயே பிரயோஜனமில்லைன்னு வந்துருச்சாமா. நெசமா?
– வாசகர், சோமனூர்

பதில்: மாஸ்க் சல்லடை இல்லைங்க. வைரஸ் எச்சில், சளித் துளிக்குள் இருந்துதான் வெளியே வருகிறது. பெரிய துளிகள் இழையில் மோதி நிற்கும். மிகப் பொடிசானவை நேராகப் போகாமல் தள்ளாடிக்கொண்டே போவதால் ஏதாவதொரு இழையில் ஒட்டிவிடும். பிடிக்கச் சிரமமானது இடைப்பட்ட 0.3 மைக்ரான் துகள்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அந்த அளவில் சோதித்து 95 சதவீதமாவது பிடித்தால்தான் என்95 என்று பெயர். நடு அடுக்கு இழைகளில் மின்னூட்டமும் ஏற்றியிருப்பார்கள். தலை சீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பது போல இழுக்கும்.

ஆராய்ச்சி என்று அவர் சொல்வது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரன் அமைப்பு 2023 ஜனவரியில் வெளியிட்ட தொகுப்பாய்வாக இருக்கும். மாஸ்க் போடச் சொல்லி ஊக்குவித்தால் ஊரில் நோய் குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள். 'பயனில்லை' என்று அதைப் படிப்பது தவறு என, காக்ரன் வெளியீட்டின் தலைமைப் பதிப்பாசிரியரே மார்ச்சில் விளக்கம் கொடுத்தார். வங்கதேசத்தில் 600 கிராமங்களில் நடந்த சோதனையில், ஊக்குவித்த பிறகும் சரியாக மாஸ்க் போட்டவர்கள் 42 சதவீதம்தான். அப்படியும் சர்ஜிகல் மாஸ்க் கொடுத்த ஊர்களில் அறிகுறியுள்ள கொரோனா 11 சதவீதம் குறைந்தது. துணி மாஸ்க்குக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. ஊர் போடுமா என்பது ஒரு கேள்வி, போட்டால் தடுக்குமா என்பது வேறு கேள்வி. உங்கள் குடோனில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

கேள்வி: மாமனாருக்கு டி.பி. மாத்திரை ஆரம்பிச்சு நாலு நாளாச்சுங்க. மாஸ்க் அவரு போடணுமா, நாங்க போடணுமா? "நான் என்ன திருடனா, மூஞ்சிய மூட"ங்கறாரு.
– வாசகி, பல்லடம்

பதில்: முதலில் அவர். வாயை விட்டுக் கிளம்பும்போது துளி பெரிது, ஈரமானது. அங்கேயே பிடிப்பது சுலபம். காய்ந்து சுருங்கிவிட்டால் மணிக்கணக்கில் மிதக்கும். தென்னாப்பிரிக்காவில் டி.பி. நோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் கினிப்பன்றிகள் மேல் விட்டுப் பார்த்தார்கள் (2012இல் வெளியானது). நோயாளிகள் சர்ஜிகல் மாஸ்க் போடாத நாட்களின் காற்றில் 90 கினிப்பன்றிகளில் 69க்குத் தொற்றியது. போட்ட நாட்களின் காற்றில் 90இல் 36க்குத்தான். திருடன் கதை சொல்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் அந்த 36ஐயும் கவனியுங்கள். இருமும்போது காற்று ஓரத்தில் பீறிட்டு வெளியேறும். அதனால் அவர் அறைக்குள் போகும்போது உங்களுக்கு என்95 வேண்டும். அவருக்கு சர்ஜிகல் போதும், மூச்சுவிடச் சிரமம் குறைவு. வால்வு வைத்தது அவருக்கு ஆகவே ஆகாது. விடும் மூச்சை வடிகட்டாமல் அனுப்பிவிடும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, காற்று உங்களைத் தாண்டி அவரைத் தொட்டு வெளியே போகிற மாதிரி கட்டிலைப் போடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற ஊரில் ஜன்னலைச் சாத்தி வைப்பானேன்! குழந்தைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தடுப்பு மாத்திரை தேவையா என்று கேளுங்கள்.

கேள்வி: கட்டிங் வேஸ்ட் பனியன் துணியில ரெண்டு மடிப்பா தெச்சா போதுமுங்களா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இரண்டு கட்டை விரலால் இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்னலின் கண்கள் விரிவது தெரியும். முகத்தில் மாட்டும்போதும் அதேதான் நடக்கிறது. பெரும் தூசிக்கு ஆகும், டி.பி. வார்டுக்கு ஆகாது.

கேள்வி: மாஸ்க் போட்டா மூக்குக் கண்ணாடியில ஆவி படியுது. என்95ஐத் துவைச்சுப் போடலாமுங்களா?
– வாசகர், கோபி

பதில்: ஆவி படிகிற இடம்தான் ஓட்டை. மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூம்பாகிவிடும். இரு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் வரை அழுத்துங்கள். மேல் பட்டை உச்சியில், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். பிறகு உள்ளங்கைகளால் பொத்தி வேகமாக மூச்சு விடுங்கள். கண்ணிலோ கன்னத்திலோ காற்று பட்டால் திரும்ப அழுத்துங்கள். தாடி இருந்தால் எத்தனை அழுத்தினாலும் பொருந்தாது. சர்ஜிகல் என்றால் காதுக் கயிற்றை மாஸ்க் ஓரத்தை ஒட்டி முடிச்சுப் போட்டு, பக்கவாட்டு மடிப்பை உள்ளே செருகுங்கள்.

துவைக்கக் கூடாது. சோப்பும் சானிடைசரும் மின்னூட்டத்தைப் போக்கிவிடும்; பார்க்கப் புதுசு போலத்தான் இருக்கும். காகித உறையில் போட்டு உலர விடுங்கள். பட்டை தொய்ந்தாலோ, மாஸ்க் நைந்தாலோ நனைந்துவிட்டாலோ தூக்கிப் போடுங்கள்.