ஷெட் ஓரம்: வாசகர் கேள்வி பதில்

(நூல் மில்லில் முப்பத்தோரு வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

எங்கள் மில்லின் மூத்த ஃபிட்டர் தை மாதம் ரிடையர் ஆகிறார். தெரிந்ததையெல்லாம் எழுதித் தரச் சொல்லி நோட்டு கொடுத்தோம். ரெண்டு மாதமாக அது வெள்ளையாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்?
– சூப்பர்வைசர், பல்லடம்

நோட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள், பாவம். ஸ்பேனர் பிடித்த கை அது.

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். எங்கள் ஃபிட்டர் அண்ணன் மோட்டார் பேரிங்கைச் சோதிக்க நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஹவுசிங்மேல், அதாவது பேரிங்கின் வெளிக்கூட்டின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். "இன்னும் பத்து நாள் ஓடும்" என்பார், ஓடும். "என்னண்ணே கேக்குது?" என்று நோட்டும் கையுமாகப் போய் நின்றேன். "சத்தம்" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் மூணு பசங்களை அவரோடு சேர்த்துவிட்டேன். நல்ல பேரிங் உள்ள மோட்டார் ஒன்று, கிரீஸ் வற்றினது ஒன்று, பால் (பேரிங்குக்குள் உருளும் குண்டு) தேய்ந்தது ஒன்று. அண்ணன் கை வைக்கக் கூடாது, பசங்கதான் கேட்டுச் சொல்ல வேண்டும். முதல் பையன் தப்பாகச் சொன்னானோ இல்லையோ, மனுஷனுக்கு வாய் திறந்துகொண்டது. "அது கரகரப்பு இல்லடா, விசில். விசிலடிச்சா கிரீஸ் இல்லைன்னு அர்த்தம். கரகரன்னாதான் பால் போச்சு." நோட்டில் வராதது, ஒருத்தன் தப்புப் பண்ணினதும் வந்துவிட்டது. மறுநாள் அதே பையனை அடுத்த ஷிப்ட் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தோம். அண்ணன் டீ கிளாஸோடு உட்கார்ந்து, அவன் விட்டதை எடுத்துக் கொடுத்தார்.

ஒன்று மட்டும்: இதையெல்லாம் பெல்ட் கார்டு (ஓடும் பெல்ட்டை மூடும் தடுப்பு) மாட்டியிருக்கும்போதே செய்யுங்கள். காது கொடுக்கிற ஆர்வத்தில் சட்டையைக் கொடுத்துவிடக் கூடாது.

எல்லாவற்றையும் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிட்டால் போதாதா?
– வாசகர், திருப்பூர்

போடுங்கள். போன மாதம் போட்ட கியர் மாற்றும் வீடியோவை இன்றைக்குத் தேடியும் பாருங்கள். நாற்பது 'காலை வணக்கம்' ரோஜாப்பூவைத் தாண்டிப் போகவேண்டும். எங்கள் பசங்க மிஷின் பக்கத்துத் தூணில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். என்ன கோளாறு, என்ன பண்ணினோம், யார் பண்ணினது என்று மூணே வரி. எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அட்டை கறுத்துப் போனது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

கம்பெனியில் குவாலிட்டி சர்க்கிள் (வேலை செய்கிறவர்களே சின்னக் குழுவாகக் கூடிக் கோளாறுகளை அலசுவது) ஆரம்பித்தார்கள். பேனர் கட்டி போட்டோ எடுத்ததோடு சரி. இதெல்லாம் ஜப்பான்காரர்களுக்குத்தான் ஒத்துவருமோ?
– வாசகி, உடுமலை

அங்கே ஆரம்பித்தது உண்மை. 1962-ல், தரக் கட்டுப்பாட்டு நிபுணர் கவோரு இஷிகாவா முன்னின்று நடத்தியது. ஆனால் 1980-லேயே ஹைதராபாத் பெல் (BHEL) ஆலையில் நம் ஆட்கள் தொடங்கிவிட்டார்கள். ஊர்மேல் பழி போடாதீர்கள். கூட்டத்தில் முதல் கேள்வியை யார் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

எங்கள் மில்லில் பங்குனி மாதம் ஒரே ஒரு ரிங் ஃப்ரேமில் (நூல் நூற்கிற மிஷின்) மட்டும் சாயங்காலம் மூணரை மணிக்கு மேல் இழை அறுந்துகொண்டே இருந்தது. சர்க்கிள் கூடினோம். மேனேஜர் உட்கார்ந்ததும் கேட்டார்: "யார் கவனிக்காம விட்டது?" எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். கூட்டம் முடிந்தது.

அடுத்த கூட்டத்துக்கு "நீங்க வரவேண்டாம் சார்" என்று சொல்ல எனக்கு ரெண்டு நாள் தைரியம் தேவைப்பட்டது. நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே சரி என்றார். கரும்பலகையில் இஷிகாவாவின் மீன்முள் படத்தை வரைந்தோம். தலையில் கோளாறு, முள்ளுக்கு ஒன்றாக ஆள், மிஷின், பஞ்சு, வேலை முறை. சீனியர்கள் முதலில் பேசினால் மற்றவர்கள் 'அதேதான்' என்று சொல்லிவிடுவார்கள். அதனால் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேசவேண்டும் என்று வைத்தோம். கடைசியாகச் சேர்ந்தது கூட்டிப் பெருக்குகிற அக்கா. "டீ கேன் வர்றதுக்கு அந்த ஷட்டரைத் தூக்கிட்டு அப்படியே விட்டுடறாங்க. அங்க நின்னா அனலடிக்குது" என்றார். வெளியிலிருந்து வறண்ட காற்று ஏறினால் ஈரப்பதம் இறங்கும். பஞ்சு காய்ந்தால் இழை அறும். நான் மிஷினின் பாகங்களான ஸ்பிண்டிலையும் டிராவலரையும் ஒரு வாரமாகக் குடைந்துகொண்டிருந்தேன். டீ கேனுக்கு வேறு வழி விட்டோம், சரியாகிவிட்டது.

தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டால் அப்புறம் நமக்கு என்ன மதிப்பு?
– டர்னர், கணபதி, கோவை

உங்கள் பயம் பொய் என்று சொல்லமாட்டேன். எல்லாரும் கற்றுக்கொண்டதும் 'இனி நீ எதற்கு' என்று கேட்ட முதலாளிகளை நானும் பார்த்திருக்கிறேன். சம்பளத்தைப் பேசி முடித்துவிட்டுச் சொல்லிக்கொடுப்பதில் தப்பே இல்லை.

நானும் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன். ஈரப்பத பிளான்ட்டின் ஃபேன் நின்றுபோனால் பேனலில் எந்த ரிலேயை ரீசெட் பண்ணவேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒரு கெத்து. என் பெண் கல்யாணத்தன்று, முகூர்த்த நேரத்தில் மில்லிலிருந்து மூணாவது போன். பட்டு வேட்டியோடு மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கம் நின்று, "இடதுபக்கம் ரெண்டாவதுடா, நீல பட்டன், நீலம்!" என்று கத்திக்கொண்டிருந்தேன். உள்ளே கெட்டிமேளம் கேட்டது.