புது போலீஸ் ஸ்டேஷன் எப்படி அமைய வேண்டும்? சேலம் வாசகர்களுக்குப் பதில்கள்

அரசுக் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுப் பழகியவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகள் இவை.

கருப்பூர் வாசகர்: எங்கள் பக்கம் வீடுகள் பெருகிவிட்டன. புது ஸ்டேஷனுக்கு எத்தனை சென்ட் வேண்டும் சார்?

சென்ட் கணக்கு அப்புறம். எத்தனை பணியிடங்கள் அனுமதியாகின்றன என்பதை வைத்துத்தான் அறைகள் முடிவாகும். பெரும்பாலும் கட்டித் தருவது தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம். நீங்கள் இடத்தைக் கவனியுங்கள். சும்மா கிடைக்கிறது என்று ஏரி ஓரப் புறம்போக்கைக் காட்டுவார்கள். மழை வந்தால் ஸ்டேஷனே உதவி கேட்கும் நிலை வரும். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து போகும் தூரம் நல்லது. ஊர் வளரும் என்பதால் மேல்மாடிக்கும் சேர்த்தே அஸ்திவாரம் போடச் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை வாசகி: புகார் கொடுக்கப் போனபோது வீட்டு விஷயத்தை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கட்டடத்தால் இதை மாற்ற முடியுமா?

முடியும் அம்மா. பல ஸ்டேஷன்களில் வாசலில் பாரா (காவல் நிற்பவர்), அடுத்து புகாரை எழுதிக்கொள்ளும் ரைட்டர் மேஜை, பக்கத்திலேயே லாக்கப். புகார் சொல்பவரும் பிடித்து வரப்பட்டவரும் ஒரே ஹாலில் முகம் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே யாருக்கு வாய் வரும்?

வாசலில் வரவேற்பு மேஜை, அதை ஒட்டிக் கதவு உள்ள சிறு பேச்சறை, காத்திருப்பவர்களுக்கு நாற்காலி, குடிநீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. கைதிகள் பின்வாசல் வழியாக நேரே லாக்கப் பக்கம் போய்விட வேண்டும். இரண்டு வழிகளும் எங்கேயும் சந்திக்கக் கூடாது. வரைபடத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அழகான முகப்பெல்லாம் அதற்குப் பிறகு.

சாய்தளத்தையும் கடைசியில் ஒட்ட வைக்காதீர்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. தரைமட்டம் மூன்றடி உயர்ந்தால் 36 அடி வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப இடையில் ஒரு சமதளமும் வேண்டும்.

சட்டக் கல்லூரி மாணவர்: கேமராக்களை எங்கே வைக்க வேண்டும்?

உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2-ஆம் தேதித் தீர்ப்பில் பட்டியலே கொடுத்திருக்கிறது: நுழைவு, வெளியேறும் வழிகள், எல்லா லாக்கப்களும், நடைவழிகள், வரவேற்பு, இன்ஸ்பெக்டர் அறை, பின்பக்கம் வரை. கழிப்பறைக்கு வெளியே மட்டும், உள்ளே கூடாது. ஒலியும் பதிவாக வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அந்த வசதி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. என் பங்குக்கு ஒன்று: மூலை முடுக்கு, வளைந்த நடைவழி இல்லாமல் வரைந்தால் கேமராவுக்கும் மறைவிடம் இருக்காது. ஒயர் குழாய்களைப் பூச்சுக்கு முன்பே பதியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: வாஸ்துப்படி லாக்கப் எந்த மூலையில்?

பாரா நிற்பவர் கண்ணுக்கு எட்டும் மூலையில். உள்ளே துணி கட்டத் தோதான கொக்கியோ குறுக்குக் கம்பியோ இருக்கக் கூடாது. பெண்களுக்குத் தனி லாக்கப். சிறுவர்களை லாக்கப்பில் வைக்கவே கூடாது. அவர்களுக்குச் சாதாரண அறை ஒன்று ஒதுக்குங்கள்.

இன்னொருவர்: பறிமுதல் வண்டிகள் துருப்பிடித்துக் குவிகின்றனவே?

படம் எடுத்து, பத்திரம் வாங்கிக்கொண்டு சீக்கிரம் விடுவிக்கலாம் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் குவியும், கொசு வளரும். பின்னால் கூரை போட்டு, தரைக்குச் சரிவு கொடுங்கள்.

ஏற்காடு வாசகர்: மலைமேல் என்ன வித்தியாசம் ஐயா?

ஈரம், இடி, சரிவு. மலையை வெட்டிய பக்கச் சுவரில் ஃபைல் அறை வைத்தால் பூஞ்சை பிடிக்கும்; பள்ளத்தாக்குப் பக்கம் வையுங்கள். தாங்குசுவரில் நீர் வடியத் துளைகள் கட்டாயம். வயர்லெஸ் கோபுரம் இடியை இழுக்கும். அதை மண்ணுக்குள் இறக்கும் எர்த் பாறைத் தரையில் எளிதில் பிடிக்காது. ஒரு குழி போதாது, நாலைந்தை இணைத்துப் போட்டு, தடை எவ்வளவு என்று அளந்து பார்த்த பிறகே கான்ட்ராக்டருக்குப் பில் பாஸ் பண்ணச் சொல்லுங்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்குக் கூடுதல் காவலர்கள் வருவார்கள். அவர்கள் தங்க மாடியில் ஒரு பெரிய ஹால் வேண்டும்.